சலிக்கும் அறைக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் வீட்டு வாசலில் ஐந்து குடைகள் விரித்தபடி கிடந்தன. ஐந்திலிருந்தும் தண்ணீர் வடிந்து, காலையில் நான் கழுவிவிட்ட சீமெந்துத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. முன்னறைக்குள் ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

என்னைக் கேட்டுக்கொண்டு யாரும் வரவில்லை. என் மனைவி பார்வதி காலையில் கோயிலில் வைத்து அழைத்திருக்கிறாள். "எங்க வீட்டுல அவரு ஸ்பீக்கர் செஞ்சிருக்காரு, வந்து கேளுங்கடி" என்று சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் சொல்ல மறந்துவிட்டாள்.

வீட்டில் நான்கு நாற்காலிகள். மூன்றில் யாரும் உட்காரலாம். நான்காவது பாட்டுக் கேட்பவருக்கு. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையில் எவ்வளவு தூரமோ, அதே தூரம் தள்ளி அந்த நாற்காலி இருக்க வேண்டும். உட்காருகிறவரின் காதும் ஸ்பீக்கரின் மேல்பகுதியும் ஒரே உயரத்தில் வரவேண்டும். அதற்காக நாற்காலியின் நான்கு கால்களுக்கும் தரையில் சோக்கட்டியால் குறி போட்டு வைத்திருந்தேன். நான் போடுவேன், பார்வதி கூட்டித் துடைப்பாள், நான் மறுபடியும் போடுவேன்.

அந்த நாற்காலியை வந்தவர்களில் ஒருவரான ராமாயி அக்கா சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, அது அந்த எடத்துலதான் இருக்கணும்."

"ஏன் மாஸ்டர், பள்ளிக்கூடத்துல புள்ளைங்க உக்கார்ற வாங்கு மாதிரி இதுக்கும் பேர் எழுதி வச்சிருக்கீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். பார்வதிதான் அதிகமாகச் சிரித்தாள்.

இவர்கள் எல்லாரும் எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், சலிக்கும் அறையில் வேலை செய்தவர்கள். காய்ந்த தூளைச் சல்லடை மெஷின்கள் நாள் முழுக்க உலுப்பிப் பிரிக்கிற இடம் அது. பார்வதியும் மூன்று பேரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். மற்ற இருவர் இன்னமும் அங்கேதான் நிற்கிறார்கள். அதில் இளையவள் புஷ்பராணி. வயது முப்பத்தெட்டு.

அந்தப் பின்னேரம் நடந்ததைச் சொல்வதற்கு முன், ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுபத்தொரு வயதில் ஏன் ஸ்பீக்கர் செய்யப் போனான் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

வயதாம் வயது

பார்வதிக்குக் காது மந்தம். முழுதாகக் கேட்காது என்றில்லை. பஸ் வரும் சத்தம் என்னைவிட முன்னால் அவளுக்குக் கேட்கும். ஆனால் நாலு பேர் பேசும் இடத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. கிசுகிசு என்று பேசினால் வாயைப் பார்ப்பாள்.

தோட்டத்து மருந்துக்காரரிடம் அழைத்துப் போனேன். அவர் காதுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். இடது காதைப் பார்த்தார். வலது காதைப் பார்க்கவில்லை. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றுதான்.

"வயசு மாஸ்டர்" என்றார்.

"நான் இவள விட மூணு வயசு மூப்பு" என்றேன்.

"ஆளுக்கு ஆள் வித்தியாசம்தானே" என்றார். அவ்வளவுதான் வைத்தியம்.

அன்றிலிருந்து ஊரே அவளிடம் கத்தத் தொடங்கியது. தபால் கந்தோரில் கத்தினார்கள். றக்வான பஸ்ஸில் கொண்டக்டர் கத்தினான். கேகாலையிலிருந்து வந்த மருமகன் வாசலில் இருந்தே கத்தினார். கத்தினால் கேட்கும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? சத்தம் வேறு, தெளிவு வேறு. அழுக்குக் கண்ணாடி போட்டவனுக்கு விளக்கைக் கூட்டிக்கொண்டே போனால் கண் கூசுமே தவிர எழுத்து தெரியாது. முப்பத்து மூன்று வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். இதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை. கணக்கில்லை என்று நான் எழுதுவது அபூர்வம்.

பார்வதிக்கு ஒரே ஒரு ஆசை உண்டு. மார்கழியில் எங்கள் கோயில் பஜனைக்காரர்கள் பாடியதை யாரோ போனில் நன்றாகப் பதிந்து கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக் கேட்பாள். ஒருநாள் கேட்டாள்: "ஏங்க, இவனுங்க இப்ப ஜால்ரா அடிக்கிறதில்லையா?"

எனக்கு நன்றாகக் கேட்டது. ஆகவே போனில் இருக்கும் ஸ்பீக்கர்தான் குற்றவாளி என்று முடிவு செய்தேன். நகத்தளவு ஸ்பீக்கர். அதில் ஜால்ரா எப்படி வரும்? மருமகன் ஒரு புளூடூத் உருண்டையை அனுப்பிவைத்தார். அதில் இடிச் சத்தம் மட்டும் வந்தது. பெட்டியில் போட்டிருந்த வாட்ஸ் கணக்கைப் பார்த்தேன். அந்தக் கணக்கு உண்மையென்றால் எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் அந்த உருண்டையால் வெளிச்சம் கொடுக்கலாம். இப்படிப் பொய் எழுதி விற்கிறவனைக் கேட்க ஆளில்லை.

நானே செய்வதென்று தீர்மானித்தேன்.

தேயிலைப் பெட்டியில் செய்த தப்பு

நல்ல ஸ்பீக்கருக்கு இரண்டு வாய் வேண்டும். பெரியது மத்தளத்துக்கும் ஆண்குரலுக்கும், சிறியது ஜால்ராவுக்கும் 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளுக்கும். எதை எந்த வாய்க்கு அனுப்புவது என்று பிரித்துவிட ஒரு கம்பிச்சுருளும் ஒரு கண்டென்சரும் போதும். இந்தச் சாமான்களை எஹலியகொடையில் ரேடியோ திருத்துகிற ஒருவரிடம் வாங்கிவிட்டேன். மிச்சம் பெட்டி.

பெட்டி என்றதும் எங்கள் ஆட்களுக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வரும். தேயிலைப் பெட்டி. முன்பு தூளை அடைத்துக் கப்பலுக்கு அனுப்பிய ஒட்டுப்பலகைப் பெட்டி. இப்போது எல்லாம் கடதாசிச் சாக்கு. ஆனாலும் எங்கள் லயங்களில் தேயிலைப் பெட்டிப் பலகை இல்லாத வீடு கிடையாது. அலுமாரி அதில்தான், சாமித்தட்டு அதில்தான், கோழிக்கூடும் அதில்தான். என் வீட்டிலேயே பரணில் ஒன்பது பலகை வைத்திருந்தேன். படித்தவன் என்ற பெயர் எனக்கு. ஆனாலும் லயத்தில் பிறந்த கை அந்தப் பலகையைத்தான் தேடிப் போனது.

செய்து முடித்துப் போட்டேன். பாட்டு வந்தது. கூடவே பெட்டியும் பாடியது. அது மெல்லிய பலகை, விரலால் தட்டினாலே உறுமும். பஜனைக்காரர் ஒரு வரி பாடினால் பலகை அதைத் தன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது.

"பெட்டிக்குள்ள ஒரு ஆள வச்சுப் பூட்டின மாதிரி இருக்கு" என்றாள் பார்வதி.

அதிர்வை அடக்க உள்ளே ரப்பர் ஷீட் ஒட்டினேன். பக்கத்துத் தோட்டத்தில் புகை போட்டுக் காயவைத்த ஷீட். அதிர்வு கொஞ்சம் அடங்கியது, நாற்றம் கிளம்பியது. மூன்று நாள் வீடு முழுக்கப் புகைக்கூட்டு வாடை. பார்வதி இரண்டு பெட்டிகளையும் தூக்கிக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். கோழிகளும் அந்தப் பக்கம் போகவில்லை.

பிறகுதான் தடித்த ரப்பர் மரப்பலகைக்கு மாறினேன். றக்வான வீதியில் தச்சு வேலை செய்கிற சிங்களவரிடம் அளவு கொடுத்தேன். பன்னிரண்டு பலகை, இரண்டு வட்டத் துளை பெரிது, இரண்டு சிறிது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாத்தயா, மேக்க மினீ பெட்டியக்த?"

சவப்பெட்டியா என்று கேட்கிறார். இந்த அளவுச் சவப்பெட்டிக்குள் யாரை வைப்பதாம்? மனுசன் துக்கப்பட்ட முகத்தோடு வேறு கேட்டார். ஸ்பீக்கர் என்று விளங்கப்படுத்தியதும், "கோயிலுக்கா?" என்றார். வீட்டுக்கு என்றேன். அவர் அதை நம்பவில்லை என்றே நினைக்கிறேன்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் தோட்டத்திலும் யாரும் நம்பவில்லை. ஸ்பீக்கர் என்றால் மரத்தில் கட்டி எதிர்மலையைப் பார்த்துத் திருப்ப வேண்டும். கல்யாணம், சடங்கு எதுவானாலும் அழைப்பில்லாதவனுக்கும் கேட்க வேண்டும், அதுதான் முறை. கோயில் கமிட்டித் தலைவர் என் முன்னறைக்கு வந்து பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், சுவத்தப் பார்த்துப் பாடுது? வாசலுக்குத் திருப்புங்க" என்றார். ஒரு ஆள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்பதற்கு என்றேன். "ஒரு ஆளுக்கா?" என்றார். திருடிச் சாப்பிடுகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

உள்ளே அடைக்கப் பஞ்சு வேண்டியிருந்தது. என் தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சை எடுத்தேன். என் தலையணைதான், பார்வதியுடையது அல்ல. இதை எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அவள் இன்றுவரை மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எல்லாம் முடிந்து அவளை நாற்காலியில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"நல்லா இருக்குங்க. கிட்ட வந்து பாடுற மாதிரியே இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஜால்ரா இல்லையே" என்றாள்.

பிரிக்கும் சுற்றை மூன்று தடவை கழற்றி மாற்றினேன். மூன்று தடவையும் எனக்கு ஜால்ரா கேட்டது. மூன்று தடவையும் அவள் தலையை ஆட்டினாள். எஹலியகொடைக்காரர் கெட்ட சாமானைத் தந்து ஏமாற்றிவிட்டார் என்று அவர்மேல் எனக்கு அளவில்லாத கோபம்.

ஐந்து பேரும் ஒரு ஆணும்

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

நாற்காலியை ராமாயி அக்காவிடமிருந்து மீட்டுக் குறியில் வைத்தேன். புஷ்பராணியை அதில் உட்காரச் சொன்னார்கள். பாட்டைப் போட்டேன். எல்லார் முகமும் மலர்ந்தது. ஒருத்தி தலையாட்டினாள், இன்னொருத்தி தொடையில் தாளம் போட்டாள்.

பாட்டு பாதியில் இருக்கும்போது ராமாயி அக்கா கேட்டார்: "என்ன மாஸ்டர், ஜால்ராக்காரன் கோவிச்சிக்கிட்டுப் போயிட்டானா?"

மற்றவர்களும் ஆமென்றார்கள். ஜால்ராவைக் காணோம்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து போய்ப் பெட்டிகளின் பின்னால் பெரிய வாய்க்குப் போகும் வயர்களைக் கழற்றினேன். இப்போது சிறிய வாய் மட்டும்தான் வேலை செய்யும். பாடுகிறவர் குரல் போய்விட்டது, மத்தளம் போய்விட்டது. ஜால்ரா மட்டும் ஜிங் ஜிங் என்று அறை முழுக்கத் தெறித்தது. "இந்தா கேளுங்க, இதுதான் ஜால்ரா" என்று சொல்லத் திரும்பினேன்.

ஐந்து பேரும் பார்வதியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல. எப்போது தொடங்கும் என்று காத்திருக்கிற முகங்கள்.

அந்த நேரம் பார்த்து புஷ்பராணியை அழைத்துப் போக அவள் புருஷன் கணேசன் வந்து வாசலில் நின்றான். மலையில் புல்லுவெட்டுகிறவன். ஸ்டோருக்குள் வேலை செய்ததில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே முகத்தைச் சுளித்தான்.

"என்னா மாஸ்டர் இது, காது கூசுது. கொஞ்சம் கொறைங்க."

"என்னாத்தக் கொறைக்க?" என்றாள் புஷ்பராணி. "அவரு இன்னும் ஒண்ணும் போடலியே."

"இந்தா அடிக்கிதே ஜால்ரா."

"வெளையாடாத."

"நீதான் வெளையாடுற. அதுக்கு நேரா உக்காந்துக்கிட்டு."

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய்க் குனிந்து பெட்டியோடு காதை ஒட்டினாள். அந்தச் சிறிய வாய்க்கு ஒரு விரல் இடைவெளியில் அவள் காது இருந்தது. அப்படியே வெகுநேரம் நின்றாள்.

ராமாயி அக்கா எழுந்து போய் மற்றப் பெட்டியில் காதை வைத்தார்.

வயதாம். அறுபத்தெட்டு வயதுக்காரிக்கும் முப்பத்தெட்டு வயதுக்காரிக்கும் ஒரே வயது எப்படி வரும்? எழுபத்தொரு வயதான எனக்கு ஏன் வரவில்லை? ஆறு பேருக்கும் பொதுவாக இருந்தது வயது அல்ல, சலிக்கும் அறையின் சத்தம். எஹலியகொடைக்காரரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டேன். அவர் சாமான் தங்கம்.

புஷ்பராணி முதலில் பேசியது என்னிடம்தான்.

"மாஸ்டர், ஸ்டோருல சொல்லிறாதீங்க. காது கேக்கலன்னு தெரிஞ்சா மலைக்கு அனுப்பிருவாங்க. என் மூட்டுக்கு நான் கொழுந்து மலை ஏற முடியாது."

"சொல்லாம இருந்தா இருக்குறதும் போயிரும்டி" என்றாள் பார்வதி.

"போகட்டும்க்கா. வேல இருக்கணும்."

அவளுடைய பெயர் என் வாயிலிருந்து வராது என்று வாக்குக் கொடுத்தேன். இங்கே எழுதியிருப்பதும் அவளுடைய உண்மைப் பெயர் அல்ல.

அவர்கள் போன பிறகு, சிறிய வாயின் சத்தத்தை மட்டும் தனியே கூட்டுவதற்கு ஒரு திருகி பொருத்தினேன். பார்வதியை உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். முக்கால்வாசி தாண்டியதும் கையை உயர்த்தினாள். "இருக்கு" என்றாள். "இந்தா இருக்கு." அந்த அளவில் என்னால் அறைக்குள் நிற்க முடியவில்லை. வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

டீமேக்கரின் காது

ஸ்டோருக்குப் பொறுப்பானவரை நாங்கள் டீமேக்கர் என்போம். ஐம்பது வயதிருக்கும். கெட்டவர் அல்ல. ஆனால் எதைக் கேட்டாலும் இல்லையென்பது அவருக்கு வழக்கம்.

பகல் சாப்பாட்டுக்கு மெஷின்கள் நிற்கும் நேரத்தில் ஒரு பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒன்று போதும். அவர் அறையில் அவரும் நிமல் என்ற இளம் கிளார்க்கும் இருந்தார்கள்.

"என்ன மாஸ்டர், திருவிழாவா?"

"சலிக்கிற ரூமுல நிக்கிறவங்களுக்குக் காது போகுது. அவங்களுக்குக் காதுமூடி வாங்கிக் குடுக்கணும்."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

"யாரு பேரச் சொல்லுங்க, கூப்புட்டு விசாரிப்போம்."

"பேரு இல்ல."

சிரித்தார். "வயசானா காது மந்தமாகத்தானே செய்யும் மாஸ்டர். நான் இந்தச் சத்தத்துக்குள்ள இருவது வருசமா நிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு? மேல் மாடியில ஒரு பெல்ட்டு தேஞ்சா இங்க இருந்தே சொல்லுவேன். பாம்புக் காது எனக்கு."

அந்த வயது என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் பெட்டியை மேசையில் வைத்தேன். பெரிய வாயின் வயரைக் கழற்றினேன். "ரெண்டு நிமிசம் கேளுங்க" என்று சொல்லிப் பஜனையைப் போட்டேன்.

ஜால்ரா அறைக்குள் சிதறியது. நிமல் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுத் திரும்பினான். டீமேக்கர் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி, போடுங்க மாஸ்டர். சாப்பிடப் போகணும்."

நிமல்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சேர், சிந்துவ யனவானே." பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறதே என்று.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுறீங்களா?" என்றார்.

நிமல் சிரிக்கவில்லை. அதைக் கண்டதும் அவர் சிரிப்பும் நின்றது. எழுந்து வந்து சிறிய வாயின்மேல் சுட்டுவிரலை வைத்தார். அது பட்டுத்துணியால் ஆன மெல்லிய குமிழ், யாரையும் நான் தொடவிடுவதில்லை. அன்று தடுக்கவில்லை. விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல் அவருக்குத் தெரிந்திருக்கும். விரலை எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

"பெரிய வயர மாட்டுங்க" என்றார்.

மாட்டினேன். பாடுகிறவர் குரல் வந்தது. அவர் மூச்சு விட்டார்.

"இப்ப இதுல ஜால்ரா இருக்கா மாஸ்டர்?"

"இருக்கு."

"ம்" என்றார். அன்று சாப்பிடப் போகவில்லை. யாருடைய பெயரையும் அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை.

மிச்சம்

அவரே கம்பெனிக்கு எழுதினார். சலிக்கும் அறையில் நிற்பவர்கள் ஏழு பேர், காதுமூடி தேவை என்று. பதில் வர ஒரு மழைக்காலம் போய்விட்டது. போன வாரம் ஒரு பொதி வந்தது. அதற்குள் இருந்தவை மூன்று. ஏழு பேர் என்று தெளிவாக எழுதிக் கேட்டதற்கு மூன்று. எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள் இவர்கள்?

பெண்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டார்கள். முதல் ஒன்று புஷ்பராணிக்கு, இரண்டை மற்றவர்கள் முறைபோட்டு. அவள் மலைக்குப் போகவில்லை. அதே மெஷினில்தான் நிற்கிறாள்.

என் பெட்டி இன்னும் டீமேக்கரின் மேசையில்தான் இருக்கிறது. கம்பெனியிலிருந்து பெரியவர் ஒருவர் வரப்போகிறாராம். அவர் வரும்போது நான் வந்து வயரைக் கழற்ற வேண்டும் என்று டீமேக்கர் கேட்டுக்கொண்டார். வீட்டில் ஒரு ஸ்பீக்கர்தான் மிச்சம். பார்வதியிடம் வருத்தப்பட்டேன். "எனக்கு என்னா ரெண்டு காதும் ஒழுங்காவா கேக்குது? ஒண்ணு போதும்" என்கிறாள்.

டீமேக்கர் மறுபடியும் எழுதப்போவதாகச் சொன்னார். ஏழு பேருக்கு மூன்று வந்தது, இன்னும் நான்கு வேண்டும் என்று. கணக்கு பிழை என்றேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

"உங்களையும் சேருங்க" என்றேன்.

அவர் எழுதுகிறாரோ இல்லையோ, நான் இங்கே எழுதிவைக்கிறேன். அந்தச் சத்தத்துக்குள் நிற்பவர்கள் எட்டுப் பேர். இன்னும் ஐந்து வர வேண்டும்.